முழங்காலில் வலி வேறு, விலகல் வேறு: ஏலத்தோட்டக்காரனின் இரண்டு ஆபரேஷன்கள்

முழங்கால் ஆபரேஷன் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான் தெரியும், மூட்டு மாற்று. அது அறுபது வயதுக்கு மேல் செய்கிறது, அதுவரைக்கும் தைலம் தேய்த்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான் என்பதும் கூடவே வரும். நாற்பது வயதுகளில் இருக்கிற, தினமும் சரிவில் ஏறி இறங்கிப் பிழைக்கிற, இளவயதில் பட்ட அடியில் லிகமென்ட், அதாவது எலும்பையும் எலும்பையும் பிடித்து வைக்கிற நார், போய் அதற்கு மேல் தேய்மானமும் சேர்ந்துகொண்ட ஆள் என்ன செய்வது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. நான் அந்த ரகம். இடது முழங்காலில் இரண்டு ஆபரேஷன் முடிந்து இப்போது தோட்டத்துக்குப் போய் வருகிறேன். விஷயம் தெரிந்து போன் பண்ணுகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரே தடவையாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை, ஏலக்காய்க்காரன். என் காலுக்குச் செய்தது உங்கள் காலுக்குப் பொருந்த வேண்டும் என்றும் இல்லை. ஆனால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது இதைப் படித்தால் கொஞ்சம் பிடிபடும்.

வீடு கம்பத்தில். தோட்டம் மலைக்கு மேலே, கேரளாவில் வண்டன்மேடு பக்கம், குத்தகை. காலையில் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏறினால் சாயங்காலம் இறங்குவது. ஏலத்தோட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சமதளம் என்று ஒன்று கிடையாது, தரை முழுக்க இலைச்சருகு, ஆனி ஆடியில் மழை பிடித்தால் அந்தச் சருகுக்கு அடியில் சேறு. காய் எடுக்கிற பெண்கள் செடியின் தூரில் குத்தவைத்துக்கொண்டே நகர்வார்கள். மருந்தடிக்கிறவன் குழாயை இழுத்துக்கொண்டு ஏறுவான். நான் எல்லோருக்கும் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும், அதுவே ஒரு நாளைக்குப் பல கிலோமீட்டர் ஆகிவிடும். ஏறுவது மூச்சைத்தான் வாங்கும், முழங்காலை வாங்குவது இறக்கம்.

காலில் அடி பட்டது கபடியில். இருபதுகளில், பொங்கல் சமயத்து மேட்ச், ரெய்டு போனபோது கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள், உடம்பு ஒரு பக்கம் திரும்ப முழங்கால் திரும்பவில்லை. உள்ளே மடக்கென்று ஒரு சத்தம், எனக்கே கேட்டது. வீட்டுக்கு வருவதற்குள் முட்டி பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. அடிபட்டுச் சில மணி நேரத்துக்குள் அப்படி வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, அதில் பெரும்பாலும் முன் சிலுவை லிகமென்ட் போயிருக்கும் என்பது பிற்பாடு ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்தது. இங்கிலீஷ் எழுத்தில் சுருக்கி ஏசிஎல் என்பார்கள். அன்றைக்குக் கட்டு வைத்தியரிடம் போனோம், முட்டையும் உளுந்தும் வைத்துக் கட்டினார், அப்புறம் மலைக்கு மேலிருந்து வாங்கி வந்த முறிவெண்ணெய். சில வாரத்தில் வீக்கம் வடிந்தது, வலியும் போனது. நடந்தேன், ஓடினேன், கபடி மட்டும் ஆட முடியவில்லை, திரும்புகிற நேரத்தில் முட்டி கழன்று போகிற மாதிரி இருக்கும். ஆட்டத்தை விட்டுவிட்டேன். வேலைக்கு அது தடையாக இல்லாததால் அதோடு மறந்தும் போனது.

இந்த ஏசிஎல் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பின்னால் வருவதெல்லாம் புரியும். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவிப் போகாமல், தொடை எலும்புக்குக் கீழே அது சுழன்றுவிடாமல் பிடித்து வைக்கிற கயிறு அது. அது போய்விட்டால் அந்த வேலையை மெனிஸ்கஸ் என்கிற வட்டச் சவ்வு, முக்கியமாக உள்பக்கத்து மெனிஸ்கஸின் பின்பகுதி, தன் தலையில் போட்டுக்கொள்ளும். அது அதற்காக வந்த பொருள் இல்லை. ஒவ்வொரு தடவை கால் விலகும்போதும் கொஞ்சம் நசுங்கும், கிழியும். மெனிஸ்கஸ் போனால் குருத்தெலும்பு நேராகச் சுமையை வாங்கும். உள்பக்கம் தேயத் தேயக் கால் வெளிப்பக்கமாக வில் மாதிரி வளையும், வளைந்தால் சுமை இன்னும் உள்பக்கத்துக்கே போகும். நாற்பதைத் தாண்டுகிறபோது எனக்கு வலி ஆரம்பித்ததற்குக் காரணம் வயசு இல்லை, இருபது வருஷமாக உள்ளே நடந்துகொண்டிருந்த இந்த வேலைதான்.

வலி வந்ததும் எல்லோரும் போகிற பாதையில்தான் போனேன். கொட்டஞ்சுக்காதி தைலம், கிழி வைப்பது, மலைக்கு மேலே ஆயுர்வேத வைத்தியம். தப்புச் சொல்ல மாட்டேன், தசை இறுக்கத்துக்கு அது சுகமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்து, “பெரிசா ஒண்ணும் இல்ல, லேசான தேய்மானம்” என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ பார்த்துவிட்டு ஐந்தே நிமிஷத்தில் முழு மூட்டு மாற்றுக்குத் தேதி கொடுத்தார்கள். எனக்கு அப்போது நாற்பத்தாறு. மூன்றாவது இடத்தில் ஊசி, ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் போடுவது. அதைப் போட்டால் கிழிந்த கயிறு திரும்பக் கட்டிக்கொள்ளுமா, வளைந்த கால் நிமிருமா என்று கேட்டதற்கு அங்கே நேரான பதில் வரவில்லை.

நாலாவதாகப் பார்த்த டாக்டர்தான் ஸ்கேனைத் தொடாமல் முதலில் கேட்டார்: “வலிச்சுட்டுக் கால் மடங்குதா, மடங்கிட்டு வலிக்குதா?”

இந்தக் கேள்விக்கு நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். தேய்ந்த முழங்காலில் வலி சுரீரென்று வரும்போது தொடைத் தசை சட்டென்று விட்டுவிடும், அதுவும் கால் மடங்குகிற மாதிரிதான் இருக்கும். அது லிகமென்ட் இல்லாததால் வருவது அல்ல. லிகமென்ட் இல்லாத கால் வலி எதுவும் இல்லாமல், திரும்பும்போதோ சரிவில் குறுக்கே போகும்போதோ எலும்பு இடம் மாறி விலகும், வீக்கமும் வலியும் அதற்குப் பிறகுதான் வரும். எனக்கு இரண்டும் இருந்தது. சமதளத்தில், மதியத்துக்கு மேல், உள்பக்கம் வலி. ஈரச் சரிவில் குறுக்கே திரும்பினால் விலகல். வலி தேய்மானத்தோடும் காலின் கோணத்தோடும் சேர்ந்தது, விலகல் லிகமென்ட்டோடு சேர்ந்தது, ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றைச் சரிபண்ணும் என்று நம்பிக்கொண்டு படுக்கக் கூடாது என்று அவர் சொன்னார். நான் இவ்வளவு பெரிதாக எழுதுவதே அந்த ஒரு விஷயத்துக்காகத்தான். அவரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் சில வாரம் நோட்டில் குறித்து வைத்திருந்தால் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்: எப்போது, எந்த இடத்தில், ஏறும்போதா இறங்கும்போதா, முதலில் வந்தது எது. உங்களுக்கு இதே மாதிரி இருந்தால் அதைச் செய்யுங்கள், டாக்டருக்கு எம்ஆர்ஐ சொல்லாததை அது சொல்லும்.

அப்புறம் என்னை வராந்தாவில் நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தார். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்கால் வெளிப்பக்கம் ஒரு தள்ளுத் தள்ளுகிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் தோட்டத்தில் எனக்குப் பின்னால் நடந்து வருகிற அக்கா ஒருத்தர் ரொம்ப நாளாக, “தம்பி, உங்க காலு வெளிய வெளிய தெறிக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் யாரையாவது பின்னால் நின்று போனில் வீடியோ எடுக்கச் சொன்னால் உங்களுக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு படுக்க வைத்து, முட்டியை லேசாக மடக்கிக் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தார், வலது காலிலும் அதே போல இழுத்து ஒப்பிட்டார். டேப் வைத்துத் தொடையை அளந்தார், இடது தொடை சிறுத்திருந்தது.

எக்ஸ்ரே எல்லாம் மறுபடியும். ஆனால் இந்தத் தடவை நிற்க வைத்து. படுத்துக்கொண்டு எடுத்தால் உடம்பின் எடை மூட்டில் இறங்காது, இடைவெளி நன்றாகவே இருப்பது போலத் தெரியும், நின்று எடுத்தால்தான் எலும்பும் எலும்பும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று தெரியும். நேராக நின்று ஒன்று, முட்டியை மடக்கி நின்று ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழங்கால் சில்லுக்கு ஒன்று. எல்லாவற்றையும்விட முக்கியம், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு காலும் ஒரே படத்தில் வருகிற நீளமான எக்ஸ்ரே. ஸ்கேனோகிராம் என்பார்கள். எல்லா ஊரிலும் அந்த வசதி இல்லை, கேட்டுக்கொண்டு போவது நல்லது. அதில் இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோடு முழங்காலின் நடுவை ஒட்டிப் போனால் நல்லது. என் இடது காலில் அது உள்பக்க ஓரத்தில் போனது. ஜீப்பில் அலைன்மென்ட் போனால் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்கிற கதைதான். டயரை மட்டும் மாற்றினால் அடுத்த டயரும் அதே பக்கம் தேயும்.

அதனால்தான் லிகமென்ட்டை மட்டும் புதிதாகப் போடுவதில் அவருக்கு இஷ்டமில்லை. கால் வளைந்திருந்து, நடக்கும்போது வெளியே தள்ளிக்கொண்டும் இருந்தால், புதிதாகக் கட்டின கயிறு ஒவ்வொரு அடிக்கும் இழுபட்டு நாளடைவில் தளர்ந்துவிடும். வலியும் அப்படியே இருக்கும். முதலில் எலும்பின் கோணம்.

என் முன்னால் வைக்கப்பட்ட வழிகளைச் சொல்லிவிடுகிறேன்.

முழு மூட்டு மாற்று: அதில் ஏசிஎல் இருந்தாலும் வெட்டி எடுத்துவிடுவார்கள், அதன் வேலையைக் கருவியே பார்த்துக்கொள்ளும், ஆகவே லிகமென்ட் இல்லை என்பது அங்கே பிரச்சனை இல்லை. வலிக்கு நல்ல தீர்வு. ஆனால் நாற்பதுகளில் போட்டுக்கொண்டு மலையில் வேலை செய்தால், ஆயுளுக்குள் அது தளர்ந்து மறுபடியும் திறக்க வேண்டி வரும் வாய்ப்பு வயதானவர்களைவிட அதிகம். இரண்டாவது தடவை திறப்பது முதல் தடவை போலச் சுலபம் இல்லை. தேய்ந்த உள்பக்கத்துக்கு மட்டும் கருவி வைக்கிற பாதி மூட்டு மாற்று இன்னொன்று. 1970களில் ஆக்ஸ்ஃபோர்டில் உருவான வகை இதில் ரொம்பப் பிரபலம். ஆனால் ஏசிஎல் இல்லாத கால்களில் அது சீக்கிரம் தளர்வதை அதைக் கண்டுபிடித்தவர்களே பார்த்துச் சொல்லிவிட்டார்கள், அதனால் லிகமென்ட் போன ஆளுக்கு வழக்கமாக அதைப் போடுவதில்லை. இப்போது சில டாக்டர்கள் லிகமென்ட்டையும் கட்டிக்கொண்டு பாதி மூட்டையும் வைக்கிறார்கள், உள்பக்கம் சுத்தமாகத் தேய்ந்து வெளிப்பக்கம் நன்றாக இருக்கிறவர்களுக்கு. எனக்குக் குருத்தெலும்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் அது வேண்டாம் என்றாகிவிட்டது.

மிச்சம் இருந்தது கீழ்க்கால் எலும்பை வெட்டி நிமிர்த்துவது. ஹை டிபியல் ஆஸ்டியோட்டமி, சுருக்கமாக எச்டிஓ. புதுசு ஒன்றும் இல்லை, அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் மார்க் காவென்ட்ரி 1965லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். மூட்டு மாற்று பரவியபின் இதைப் பலர் மறந்தார்கள், நல்ல பிளேட்டுகள் வந்தபிறகு திரும்ப வந்திருக்கிறது. முட்டிக்குக் கொஞ்சம் கீழே எலும்பை உள்பக்கமிருந்து சாய்வாக வெட்டுவார்கள், வெளிப்பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் போல வெட்டாமல் விட்டு, அதையே கீலாக வைத்து உள்பக்கத்தைத் திறப்பார்கள். திறந்த இடைவெளியைப் பிடித்து நிறுத்தப் பிளேட்டும் ஸ்குரூவும். கோடு உள்ளிருந்து நடுவைத் தாண்டிக் கொஞ்சம் வெளிப்பக்கத்துக்கு நகரும், நல்ல பக்கம் சுமையில் பங்கு வாங்கிக்கொள்ளும். எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு ஜப்பான்காரர்கள் 1979லேயே ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்கள், அதை ஒட்டி வழக்கத்தில் வந்தது உள்பக்க ஓரத்திலிருந்து மூட்டின் அகலத்தில் 62.5 சதவீதம் வருகிற இடம். இன்றைக்கும் பல டாக்டர்கள் அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு அதிலிருந்து ஆளுக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைக்கிறார்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு, லிகமென்ட் இல்லாதவர்கள் கேட்டே ஆக வேண்டியது. கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் இயல்பாகவே பின்பக்கம் சில டிகிரி சரிந்திருக்கும். அந்தச் சரிவு கூடினால் கீழ்க்கால் முன்னால் நழுவுவதும் கூடும். எலும்பைத் திறக்கும்போது முன்பக்கம் அதிகமாகத் திறந்துவிட்டால் சரிவு கூடிவிடும், வலி குறைந்து விலகல் அதிகமாகிவிடும். பின்பக்கத்தை அதிகமாகவும் முன்பக்கத்தைக் குறைவாகவும் திறந்தால் சரிவு கூடாமல் இருக்கும், கொஞ்சம் குறையவும் செய்யலாம். பின்னால் இருக்கிற சிலுவை லிகமென்ட் போனவர்களுக்கு இதற்கு நேர்மாறு. “சார், சரிவை என்ன பண்ணப் போறீங்க?” என்று நான் கேட்டபோது அவர் எக்ஸ்ரேயைத் திருப்பி வைத்து அரை மணி நேரம் விளக்கினார். இந்தக் கேள்விக்கு எரிச்சல் படுகிற டாக்டரிடம் நான் படுத்திருக்க மாட்டேன்.

எல்லோருக்கும் இது ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். வெளிப்பக்கமும் தேய்ந்தவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், முட்டி நீளாமல் மடங்காமல் இறுகிப் போனவர்கள், ரொம்ப எடை உள்ளவர்கள் ஆகியோருக்குப் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். எனக்குச் சொன்ன அந்த அக்காவுக்கே அறுபது நெருங்குகிறது, இரண்டு பக்கமும் தேய்ந்துபோய் உட்கார முடியாமல் இருந்தார், காப்பீட்டு அட்டையில் முழு மூட்டு மாற்றுச் செய்துகொண்டு இப்போது கீழேயே கடைக்கண்ணிக்கு நன்றாக நடக்கிறார். அவருக்கு அதுதான் சரி. தூரில் குத்தவைத்துக் காய் எடுக்க மட்டும் முடியாது, ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலைக்கு மாறிக்கொண்டார்.

வெட்டுவதற்கு முன்னால் சில வாரம் முட்டியில் பட்டை கட்டி மாட்டுகிற ஒரு பிரேஸ் போட்டு நடக்கச் சொன்னார். உள்பக்கச் சுமையை வெளியே தள்ளுகிற வகை. அதைப் போட்டு வலி குறைந்தால் கோணத்தை மாற்றுவதும் பலன் தரும் என்பதற்கு அது ஒரு அறிகுறி. குறைந்தது. ஆனால் ஆடி மழையில் தோட்டத்தில் பிரேஸ் போட்டால் பட்டைக்கு உள்ளே அட்டை புகுந்துகொள்ளும், கழற்றினால்தான் தெரியும். அதைப் பற்றி எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.

பீடியையும் நிறுத்தச் சொன்னார், சும்மா சொல்லவில்லை, நிறுத்தினால்தான் தேதி என்றார். புகை எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும், எலும்பை வெட்டி இடைவெளி விட்டு வைக்கிற ஆபரேஷனில் அது சேரவில்லை என்றால் எல்லாம் வீண். வீட்டுக்காரி கல்யாணம் ஆனதிலிருந்து சொல்லி நடக்காதது இவர் ஒரு தடவை சொல்லி நடந்துவிட்டது என்று இன்றைக்கும் குத்திக் காட்டுகிறாள்.

எங்கே செய்வது என்பது எல்லைக்காரர்களுக்கு எப்போதும் உள்ள குழப்பம். கம்பத்திலிருந்து மதுரை, கோட்டயம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். வேலை கேரளாவில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நம் மாநிலக் குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் பார்த்துக் கொடுப்பது, கேரளாவின் காருண்யா திட்டம் அவர்கள் குடும்பங்களுக்கு. தோட்டத்தில் வேலை செய்கிற பலர் அங்கே அட்மிட் ஆன பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். எனக்கு எந்த அட்டையும் இல்லை, கைக்காசுதான். நான் மதுரை வைத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு, கோட்டயம் ரோட்டில் குமுளிக்கு மேலே குட்டிக்கானம், பீர்மேடு வளைவுகளில் வெட்டின எலும்போடு கார் சீட்டில் உருண்டுகொண்டு வர எனக்குத் தெம்பில்லை. மதுரை ரோடு சமதளம். இன்னொன்று, பில். மூட்டு மாற்றுக் கருவிக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது, அப்போது சாதாரண கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எச்டிஓ பிளேட் அந்தக் கணக்கில் வராது, அதனால் பிளேட், ஸ்குரூ, அறை வாடகை, தியேட்டர் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லி முன்கூட்டியே வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, முதுகில் ஊசி போட்டார்கள், திரைக்கு அந்தப் பக்கம் தச்சுப் பட்டறைச் சத்தம். முதலில் சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு வெளிப்பக்கம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, கிழிந்த மெனிஸ்கஸை ஓரம் வெட்டிச் சீர்பண்ணினார்கள். பிறகு எலும்பு.

லிகமென்ட்டையும் கூடவே போட்டுவிடலாமா என்பதுதான் முன்னாலேயே நடந்த பெரிய பேச்சு. இளவயதில் விலகல்தான் முதன்மை என்றால் ஒரே படுக்கையில் இரண்டையும் செய்கிறார்கள். வலிதான் முதன்மை, வயசு கொஞ்சம் ஆகிவிட்டது என்றால் எலும்பை மட்டும் செய்து விட்டுப் பார்ப்பார்கள், கோணமும் சரிவும் சரியானதிலேயே பலருக்கு விலகல் அடங்கிவிடும், லிகமென்ட் தேவைப்படாமலே போகும். நான் நடுவில் இருந்தேன். எலும்பு முதலில், பிளேட்டைக் கழற்றுகிற சமயத்தில் மறுபடி யோசிக்கலாம் என்று முடிவானது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு வரிதான் இருக்கும். முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். வைத்தால் ரொம்பச் சுகமாக இருக்கும், அதனால்தான் வீட்டில் பாசத்தோடு கொண்டுவந்து வைப்பார்கள், அப்படியே விட்டால் கால் முழுசாக நீளாமல் இறுகிப் போகும். குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி தானாகக் கீழே இறங்கட்டும். தொடைத் தசையை இறுக்கிப் பிடித்து விடுவதும், கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவதும் முழித்திருக்கிற நேரமெல்லாம் நடக்க வேண்டும். கணுக்கால் ஆட்டுவது ரத்தம் கட்டாமல் இருக்கவும் உதவும். கெண்டைச்சதை ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, கால் விரலைத் தூக்க முடியாமல் போனாலோ, மாத்திரைக்கு அடங்காத வலியோடு கால் கல்லாக இறுகினாலோ, புண்ணில் நீர் வடிந்து காய்ச்சல் வந்தாலோ விடிகிற வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே போக வேண்டும்.

காலில் எவ்வளவு எடை வைக்கலாம் என்பது டாக்டருக்கு டாக்டர், பிளேட்டுக்குப் பிளேட் வேறு. எனக்கு முதல் ஆறு வாரம் வாக்கரோடு கொஞ்சமாக, இருபது கிலோவுக்குள் என்று சொன்னார்கள். இருபது கிலோ என்றால் காலுக்கு எப்படித் தெரியும்? பிசியோதெரபிக்கு வந்த பெண், கட்டப்பனைக்காரி, “சேட்டா, வீட்டுல வெயிட் மிஷின் உண்டோ?” என்று கேட்டாள். ஸ்டோரிலிருந்து காய் மூட்டை எடை போடுகிற தராசைக் கொண்டுவரச் சொன்னேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு இடது காலை அதன்மேல் வைத்து இருபது வருகிற வரை அழுத்திப் பழகினேன், ரெண்டு நாளில் காலுக்கே கணக்குப் பிடிபட்டது. இன்னொன்று கக்கூஸ். தரையோடு இருக்கிற பேசின் என்றால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே கமோட் சேர் வாங்கிப் போட்டுவிடுங்கள், வந்த பிறகு ஓடாதீர்கள்.

மூன்று மாதம் போல ஆனபோது எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்துகொண்டு வருவது தெரிந்தது, வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. தடியை நல்ல காலின் பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும், முக்கால்வாசிப் பேர் வலிக்கிற கால் பக்கமே பிடிக்கிறார்கள். தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு இன்றைக்கும் மரத்துத்தான் இருக்கிறது, தோலுக்கான சின்ன நரம்பு வெட்டுப்படுவதால் வருவது, நடைக்கு ஒன்றும் ஆகாது. இடது கால் நேராகி வலது கால் பழையபடி வளைந்தே இருப்பதால் கைலியை மடித்துக் கட்டினால் இரண்டும் ரெண்டு ஆளுடைய கால் மாதிரி இருக்கும். மச்சான் அதை வைத்துத் தினமும் கேலி செய்தான்.

அந்த உள்பக்க வலி போய்விட்டது. முழுக்க என்று சொல்ல மாட்டேன், குளிர் நாளில் காலையில் ஒரு பிடிப்பு இருக்கும், ஆனால் மதியத்துக்கு மேல் நொண்டுவது நின்றது. ஆறு மாதத்துக்குப் பிறகு தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் ரோட்டோர வரிசைகள், அப்புறம் ஏற்றம், கடைசியில்தான் இறக்கம். விலகல்? சமதளத்தில் இல்லை, நேர் இறக்கத்திலும் இல்லை. ஈரத்தில் குறுக்கே திரும்பும்போது மட்டும் வந்தது. முன்னைவிடக் குறைவு, ஆனால் வந்தது. சமவெளியில் கடை வைத்திருக்கிற ஆளாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன், டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஒவ்வொரு விலகலும் மிச்சமிருக்கிற மெனிஸ்கஸைத் தின்னும் என்பதாலும், என் பிழைப்பே குறுக்குச் சரிவில் என்பதாலும், ஒன்றரை வருஷம் கழித்துப் பிளேட்டைக் கழற்றுகிற அன்றைக்கே லிகமென்ட்டும் போட்டுக்கொண்டேன். அதே தொடையின் பின்பக்கத் தசைநார் இரண்டை எடுத்து மடித்துக் கயிறாக்கிப் போடுவது.

இரண்டாவது ஆபரேஷன் உடம்புக்குச் சுலபம், மனசுக்குக் கஷ்டம். எலும்பு வெட்டினபோது வலியே காலைக் கட்டிப்போட்டது. லிகமென்ட்டில் ஒன்றரை மாதத்திலேயே கால் நன்றாகிவிட்டது போலத் தோன்றும், உள்ளே அந்தக் கயிறு அப்போதுதான் பழைய உயிர் போய்ப் புது ரத்தம் ஊறி மாறிக்கொண்டிருக்கும், அதன் பலம் குறைவாக இருக்கிற காலமே அதுதான். ஓடலாம் போல இருக்கிற அந்த மாதங்களில் ஓடக் கூடாது. நான் தோட்டத்துக் கணக்குகளை ஸ்டோரில் உட்கார்ந்தே பார்த்தேன், காய் எடுப்பு நடக்கிற புரட்டாசி ஐப்பசியில் ஆபரேஷனை வைத்துக்கொள்ளாமல் மாசிக்குத் தள்ளியது அதற்கு வசதியாக இருந்தது. வேலையை வைத்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். எங்களுக்கு மாசி பங்குனி, நெல்லுக்காரர்களுக்கு வேறு.

இப்போது குறுக்குச் சரிவில் திரும்ப முடிகிறது. மழைக்காலத்தில் இரண்டு கைத்தடி, வழுக்காத பூட்ஸ், கபடி இனிமேல் கிடையாது. இதுவும் நிரந்தரம் இல்லை, எச்டிஓ நன்றாக அமைந்தால் பலருக்குப் பத்து வருஷமும் அதற்கு மேலும் ஓடுகிறது, பிறகு முழு மூட்டு மாற்றுத் தேவைப்படலாம். அன்றைக்கு எனக்கு அறுபது நெருங்கியிருக்கும், அந்த வயதில் போட்டுக்கொண்டால் மறுபடி திறக்க வேண்டிய வாய்ப்புக் குறைவு. வாங்க நினைத்தது அந்த வருஷங்களைத்தான். என் சொந்த அக்கா மகன் போன வருஷம் கபடியில் ஏசிஎல்லைக் கிழித்துக்கொண்டு வந்தபோது கட்டு வைத்தியரிடம் விடவில்லை, எம்ஆர்ஐ எடுத்து, வீக்கம் வடிந்து முட்டி முழுசாக நீண்டு மடங்கியதும் லிகமென்ட் போட்டாகிவிட்டது. அவன் காலில் எலும்பை வெட்டுகிற நிலைமை வராமல் போகலாம்.

இன்னொரு விஷயம் பாக்கி. ஆபரேஷன் குறிப்பு, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த நீள எக்ஸ்ரே, பிளேட் டப்பாவில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர், கழற்றினபோது ஸ்குரூ ஏதாவது உள்ளே விடப்பட்டதா என்கிற விவரம், எல்லாவற்றையும் வாங்கி ஒரு பைலில் போட்டு, போனிலும் படம் எடுத்து வையுங்கள். வெட்டி நிமிர்த்தின எலும்பின்மேல் மூட்டு மாற்றுச் செய்வது சாதாரணக் காலில் செய்வதைவிடக் கொஞ்சம் சிக்கல், அன்றைக்கு அதைச் செய்கிற டாக்டர் வேறு ஊர்க்காரராகவோ எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரராகவோ இருக்கலாம், அவர் முதலில் கேட்பது இந்தப் பைலைத்தான். ஆஸ்பத்திரிகள் பழைய படங்களை ரொம்ப வருஷம் வைத்திருப்பதில்லை, டிஸ்சார்ஜ் அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.